தாம்பரத்தில் மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது? அங்கன்வாடி, அரசு எல்.கே.ஜி., 25 சதவீத இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்தால் போதும், தாம்பரம் பக்கம் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: எல்.கே.ஜி. எங்கே போடுவது? சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் தெருவுக்குத் தெரு தனியார் மழலையர் பள்ளிகளின் விளம்பரத் தட்டி தொங்குகிறது. அரசு என்ன தருகிறது என்று சொல்ல ஒரு தட்டியும் கிடையாது. என் மகள் அங்கன்வாடிக்குப் போனவள் என்பதால் அக்கம்பக்கத்தில் பலரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

தாம்பரத்தில் அரசு வழிகள் என்னென்ன?

நான்கு இருக்கின்றன. முதலாவது, அங்கன்வாடி. பலகையில் "குழந்தைகள் மையம்" என்று எழுதியிருக்கும், பாட்டிமார் இன்னும் பால்வாடி என்பார்கள். இரண்டாவது, சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள அங்கன்வாடிகளில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடம். நான்காவது, ஒன்றிய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவின் மழலையர் வகுப்பு, பெயர் பால்வாடிகா. இது எல்லோருக்கும் எளிதில் கிடைப்பதல்ல.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். "சென்னை மாநகராட்சிப் பள்ளியில் எல்.கே.ஜி. இருக்கிறதாமே" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்னை மாநகராட்சி வேறு, நம்முடையது வேறு. அங்கே நடப்பதெல்லாம் இங்கேயும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

அங்கன்வாடி என்றால் சோறு போட்டுத் தூங்க வைக்கும் இடம்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் அதன் வரலாறு. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளும் அதற்குள் வந்தார்கள். சாப்பாடுதான் முதலில் பேர் வாங்கியது, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் முன்பருவக் கல்வி இந்தத் திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் அதற்கென்று "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டமே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, வண்ணம், வடிவம், எண்ணிக்கை, விரலுக்கும் கைக்கும் வேலை தரும் விளையாட்டு என்று நடத்த வேண்டும். இது எழுதிவைத்த திட்டம். உங்கள் தெரு மையத்தில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எல்லா அங்கன்வாடியிலும் எல்.கே.ஜி. உண்டா?

இல்லை. மாநிலத்தில் மொத்தம் 54,439 அங்கன்வாடிகள். அதில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் உள்ள 2,381 மையங்களில் மட்டும் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்போது உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். 2022-இல் அவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அழைத்தபோது வகுப்புகளை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. அதன்பிறகு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தார்கள்.

5,000 ரூபாய்! தாம்பரத்தில் ஓர் அறை வாடகைக்கே அது போதாது. அந்தச் சம்பளத்துக்கு வந்து குழந்தைகளோடு மாரடிக்கும் ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வருகிறது. நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போகத்தான் செய்வார்கள். அதனால் "எல்.கே.ஜி. இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "இப்போது டீச்சர் இருக்கிறாரா, எத்தனை நாளாக இருக்கிறார்" என்றும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வயது எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்?

அங்கன்வாடிக்கு இரண்டு வயது முடிந்திருந்தால் போதும். எல்.கே.ஜி.க்கு மூன்று, ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து. 25 சதவீத இடத்துக்கு அந்த ஆண்டு ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் கணக்கே வேறு. அங்கே மார்ச் 31 அன்று என்ன வயது என்று பார்ப்பார்கள், ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் இந்த வித்தியாசத்தில் குழம்புகிறார்கள். தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அங்கன்வாடியில் ஆண்டு முழுக்கச் சேர்க்கலாம். விஜயதசமிக்குக் காத்திருப்பது உங்கள் விருப்பம்.

எந்த மையம் நல்ல மையம்? மதிப்பெண், தரவரிசை ஏதாவது உண்டா?

கிடையாது. மாணவர்கள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஒன்றிய அரசின் அடைவுத் தேர்வு 2024-இல் நடந்தது, அது 3, 6, 9 வகுப்புகளுக்கு. தமிழ்நாடு அரசு 2025-இல் நடத்தியது 3, 5, 8 வகுப்புகளுக்கு. குழந்தைகளின் கற்றல் நிலை பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி வரும் அசர் அறிக்கை கிராமங்களை மட்டும் பார்க்கிறது, நம் பகுதி அதில் வராது. அங்கன்வாடி டீச்சர்கள் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் செயலியில் குழந்தையின் உயரமும் எடையும் பதிவாகும். அது ஊட்டச்சத்துக் கணக்கு, கல்விக் கணக்கு அல்ல.

தரவரிசை இல்லாததில் எனக்குக் குறையொன்றும் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பரீட்சை வைத்து மையங்களை வரிசைப்படுத்தினால், அடுத்த மாதமே எல்லா மையத்திலும் குழந்தைகளை உட்கார வைத்து எழுத்தை உருட்டச் சொல்வார்கள். தனியார் மழலையர் பள்ளிகள் பலவற்றில் இப்போதே அதுதானே நடக்கிறது? ஆக, நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, நேரில் போனால் எதைப் பார்ப்பது?

வேலை நாளில் காலை பத்தரை மணிவாக்கில் போங்கள். முன்பருவக் கல்வி நடக்க வேண்டிய நேரம் அது. சாப்பாட்டு நேரத்தில் போனால் எல்லா மையமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலில் பெரியவர்களை எண்ணுங்கள். ஒரு மையத்துக்கு ஒரு டீச்சர், ஓர் ஆயா என்பது ஏற்பாடு. இருவரும் இருக்கிறார்களா? டீச்சருக்கு இந்த ஒரு மையம்தானா, பக்கத்து மையத்துக்கும் கூடுதல் பொறுப்பா? தயங்காமல் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. காலியிடங்கள் அவ்வளவு இருக்கின்றன. 2025-இல் தமிழ்நாடு அரசு ஒரே அறிவிப்பில் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப முன்வந்தது. அதில் உதவியாளர், அதாவது ஆயா இடம் மட்டும் 3,592. அத்தனை மையங்களில் அதுவரை ஆயா இல்லை என்றுதானே பொருள்? ஆயா இல்லாத மையத்தில் டீச்சரே சமைத்து, டீச்சரே கழுவிவிட்டு, அப்புறம் எப்போது கதை சொல்வார்?

அடுத்து, டீச்சர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தரையில் குழந்தைகளோடா, மேசையில் பதிவேட்டோடா? நான் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. எடை போடுவது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசி நாளில் தாய்மார்களைக் கூட்டி வருவது, வீடு வீடாகப் போவது, செயலியில் பதிவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை, எல்லாம் அந்த ஒருவர் தலையில். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களின் முகத்தையும் செல்போனில் பதிய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சிக்னல் கிடைக்காமல் அரை மணி நேரம் போகும், அந்த அரை மணி நேரமும் குழந்தைகளிடமிருந்து எடுத்ததுதான்.

பொம்மை, கட்டைகள், படப் புத்தகம் எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அலமாரியில் பூட்டிவைத்து அதிகாரி வரும்போது மட்டும் எடுக்கிற மையமும் உண்டு. பழசாகி, மூலை உடைந்து, பசை ஒட்டிக் கிடந்தால் நல்லது, குழந்தைகள் புழங்குகிறார்கள் என்று அர்த்தம்.

ஆயா குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று காதுகொடுத்துக் கவனியுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் எதுவும் இல்லை.

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாசல் நேராகச் சாலையில் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

ஆள் இருந்தால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் கனிமியன், வால்டர்ஸ் ஆகியோரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலைக்கு ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்கள் என்பதால் ஒப்பீடு நியாயமானது. ஆள் கூடிய மையங்களில் கல்விக்கான நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பழைய டீச்சருக்குச் சுமை இறங்கியதால் அவரால் உடல்நலப் பக்கம் கவனம் செலுத்த முடிந்தது.

வந்தவர் பெரிய பட்டம் பெற்றவரோ நீண்ட பயிற்சி எடுத்தவரோ அல்ல. குழந்தைகளோடு உட்கார நேரம் உள்ள ஒருவர், அவ்வளவுதான். 2013-இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் இருபது பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்கிறது. நான் தனியார் பள்ளிகளையும் இதே அளவுகோலால்தான் பார்க்கச் சொல்வேன். குளிர்சாதன அறை, வாசலில் மிக்கி மவுஸ், நாற்பது குழந்தைக்கு ஒரே மிஸ் என்றால், ஆயா பெயர் சொல்லிக் கூப்பிடும் அங்கன்வாடி அதைவிட எவ்வளவோ மேல்.

சாப்பாடு எப்படி?

நன்றாகவே இருக்கிறது. கலவை சாதம் நாளுக்கொரு வகை. இரண்டு முதல் ஆறு வயதினருக்கு வாரம் மூன்று முட்டை. ஒரு நாள் சுண்டல் அல்லது பயறு, ஒரு நாள் உருளைக்கிழங்கு. வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தை, நாலு பேரோடு வரிசையாக உட்கார்ந்தால் தட்டைக் காலி செய்துவிடும். காரம், உப்பு எப்படி என்று ஒரு நாள் நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் டீச்சரிடமும் ஆயாவிடமும் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. அங்கன்வாடிக்கு அனுப்பும்போது காலையில் வீட்டில் சாப்பிட வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஆங்கிலம் வராதே?

இந்தக் கவலைதான் எல்லாக் கவலைக்கும் தாய். பள்ளி எல்.கே.ஜி. வகுப்பில் ஆங்கில எழுத்தும் பாட்டும் சொல்லித் தருகிறார்கள். சாதாரண அங்கன்வாடியில் குறைவு. ஆனால் மூன்று வயதில் ஒரு குழந்தைக்குத் தேவை நிறையப் பேச்சு. அது தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் இருந்தால்தான் கேள்வி கேட்கும், கதை சொல்லும், சண்டை போடும். 2022-இல் வெளியான தேசிய அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் எட்டு வயது வரை வீட்டு மொழியே முதன்மை மொழியாக இருக்கட்டும் என்கிறது. நடுவே "கம் ஹியர், சிட் டவுன்" என்று இரண்டு வார்த்தை வருவதை ஆங்கிலக் கல்வி என்று நம்பி ஆண்டுக்குப் பல ஆயிரம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு பல இடங்களில் இருக்கிறது.

25 சதவீத இடம் எங்களுக்குக் கிடைக்குமா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கக் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள், எச்.ஐ.வி. பாதித்தோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளர்களின் குழந்தைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பம் இணையவழிதான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

நம் பகுதியில் பெயர் பெற்ற பள்ளிகள் சில சிறுபான்மை நிறுவனங்கள் நடத்துபவை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது. பட்டியலில் உங்கள் மனத்தில் உள்ள பள்ளி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இதை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். 2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசின் நிதி வராமல் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதுவரை குழந்தை வீட்டில் இருப்பதா? அங்கன்வாடியில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. இன்னொன்று, இந்த இடம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் வரும். அதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்றாலும் தெரிந்துகொண்டே இறங்குவது நல்லது. சீருடை, புத்தகம், வேன் என்று பள்ளி தனியாக என்ன கேட்கும் என்பதையும் ஏற்கெனவே அப்படிச் சேர்ந்த பெற்றோரிடம் விசாரியுங்கள்.

கேந்திரிய வித்யாலயா பால்வாடிகா?

தாம்பரம் விமானப்படை நிலையத்தையொட்டிக் கேந்திரிய வித்யாலயா உண்டு. பால்வாடிகா 2022-இல் நாடு முழுக்க 49 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கிப் பிறகு விரிந்தது. எல்லாப் பள்ளியிலும் எல்லா நிலையும் இல்லை, அந்தந்த ஆண்டு அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு முன்னுரிமை. மற்றவர்களுக்கு வாய்ப்பு குறைவு.

இருவரும் வேலைக்குப் போகிறோம். அங்கன்வாடி நேரம் ஒத்துவருமா?

பெரும்பாலும் ஒத்துவராது. மாலை நான்குக்குள் முடிந்துவிடும். துரைப்பாக்கத்திலும் மறைமலை நகரிலும் வேலை பார்ப்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டி ஏழு மணிக்கு வந்தால், நடுவில் யாராவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டி இல்லாத வீட்டுக்கு இது உண்மையான இடைஞ்சல். அரசு நினைத்தால் அங்கன்வாடியோடு மாலைக் காப்பகத்தையும் சேர்க்கலாம். அதைக் கேட்க நாம் வெட்கப்படக் கூடாது.

என் மகனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. சேர்த்துக்கொள்வார்களா?

கண்டிப்பாக. அங்கன்வாடி யாரையும் மறுக்கக் கூடாது. பள்ளிச் சிறார் நலக் குழு என்று மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து வளர்ச்சித் தாமதம், காது, கண், இதயம் எல்லாம் பரிசோதிப்பார்கள். தேவைப்பட்டால் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசு மருத்துவமனையின் இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு எப்போது வரும் என்று டீச்சரிடம் கேட்டு, அன்று நீங்களும் உடனிருங்கள். இரண்டரை வயதில் தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.

நாங்கள் வாடகை வீடு, வேறு மாநிலத்துக்காரர்கள். வருமானச் சான்று இல்லை.

அங்கன்வாடிக்கு வருமானச் சான்று தேவையே இல்லை. பணக்காரர், ஏழை, உள்ளூர், வெளியூர் என்ற வேறுபாடும் கிடையாது. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் பெருங்களத்தூர் பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இது தெரியாது. உங்கள் வீட்டுக்கு எதிரே கட்டடம் எழும்பினால் அங்கே விளையாடும் குழந்தையின் அம்மாவிடம் மையம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

புகார் யாரிடம்?

மையத்துக்கு மேலே வட்டார மேற்பார்வையாளர், அவருக்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். மையத்தின் சுவரில் எண் எழுதியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. குழந்தையை அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்றால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098. டீச்சர் மேல் புகார் எழுதும் முன் அவருக்கு ஆயா இருக்கிறாரா என்று பாருங்கள். பல நேரம் எழுத வேண்டிய புகார் "காலியிடத்தை நிரப்புங்கள்" என்பதுதான்.

எங்கள் நகரில் அங்கன்வாடியே இல்லை. என்ன செய்வது?

புதிதாக மனை போட்டு வளர்ந்த பகுதிகளில் இது அடிக்கடி நடக்கிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மையம் இருந்து என்ன பயன்? மூன்று வயதுக் குழந்தையை இழுத்துக்கொண்டு யார் கடப்பது? இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்கு உட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமக் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கே மையம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. குடிசைப் பகுதியை ஒட்டியிருக்கும் நகர்கள் அவர்களோடு சேர்ந்தே கேட்கலாம். வீடு வீடாகப் போய் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து என்று ஒரு பட்டியல் எடுங்கள். திட்ட அலுவலருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று என்று மனு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். போகும்போது குழந்தைகளின் தாய்மார் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.